பையின் காது

என் வீட்டுக்காரரை அவர் தொழிலில் இருப்பவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆமை என்பார்கள். மறைவாக இல்லை, முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். கல்யாணப் போட்டோ எடுப்பவர்களில் பாதிப் பேர் வெறுங்கையை வீசிக்கொண்டு மண்டபத்துக்குள் வருவார்கள், சாமானை வேறு யாராவது தூக்கி வருவார்கள். இவர் தோளுக்கு மேல் அரைச் சாண் எழும்பி நிற்கும் கறுப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டியபடி தானே வருவார். வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று என் அண்ணன் எங்கள் கல்யாணத்தின்போதே சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சிரிப்பும் கோபமும் சட்டென்று வரும். அவருக்கு இரண்டும் வராது. அவரைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் நல்ல வெளிச்சம் வேண்டும், அதுவும் மற்றவர் முகத்தில் விழ வேண்டும்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் நான் அவரோடு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். லைட் பிடிக்கிற வேலை. நீளமான கம்பின் நுனியில் ஃபிளாஷ் மாட்டியிருக்கும், அதை அவர் சொல்லும் பக்கம் சாய்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை வலிக்கும், வாய் சும்மா இருக்கும். எனக்கு இரண்டுமே தண்டனைதான். அவர் எங்கே போனாலும் பின்னால் நானும் போவதால் எனக்கும் ஒரு பெயர் வந்தது. ஆமையின் வால். பதினெட்டு வருடம் வாலாகவே இருந்தேன்.

அவர் வேலையில் பாதி, பின்னால் நடப்பது. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது முகம் வேண்டுமானால் எதிரே நிற்க வேண்டும், அவர்கள் வர வர இவர் பின்வாங்க வேண்டும். கண் கேமராவுக்குள் இருக்கும். பின்னால் என்ன இருக்கிறதென்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், அந்த நொடி பார்த்துத்தான் பெண் சிரித்துத் தொலைப்பாள். நான் வருவதற்கு முன் ஒரு மண்டபத்தில் பூச்சாடி வரிசை ஒன்றை அப்படியே சாய்த்திருக்கிறார். இன்னொரு இடத்தில் மணப்பெண்ணின் பெரியம்மா மடியில் போய் உட்கார்ந்துவிட்டாராம். அந்த அம்மாள் எழுந்திரு என்றும் சொல்லவில்லை, இவர் படம் எடுப்பதையும் நிறுத்தவில்லை.

நான் போன முதல் நாளே இந்தக் கூத்தைப் பார்த்தேன். என் இடது கையில் ஃபிளாஷ் கம்பு. வலது கை சும்மாதான் இருந்தது. பையின் உச்சியில், தூக்குவதற்கென்று பட்டையாக ஒரு காது தைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம் போனார். வலது பக்கம் இழுத்தால் வலது பக்கம். ஒரு சுண்டு சுண்டினால் நின்றார். நாலைந்து கல்யாணத்துக்குள் இரண்டு சுண்டு என்றால் படி வருகிறது என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. குதிகாலால் படியின் விளிம்பைத் தேடி, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல், படி படியாக இறங்கிவிடுவார். இதையெல்லாம் நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பிடித்துக்கொள் என்று அவர் சொன்னதில்லை, பிடித்திருக்கிறேன் என்று நான் சொன்னதுமில்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

பைக்குள் என்ன இருந்தது என்று கேட்டால் என்ன இல்லை என்று கேளுங்கள் என்பேன். இரண்டு கேமரா, நான்கு லென்ஸ், அதில் ஒன்று கைக்குழந்தை கனம். ஃபிளாஷ் இரண்டு, பேட்டரிகள், மழை உறை, துடைக்கும் துணி. இது போதாதென்று ஊக்கு, ஊசி நூல், தலைவலி மாத்திரை, ஒரு சின்னக் கண்ணாடி. கல்யாண நேரத்தில் பெண்ணின் உடையில் ஒரு கொக்கி அறுந்தால் வீட்டார் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். இவர் சத்தம் போடாமல் பையிலிருந்து ஊக்கை எடுத்து நீட்டுவார். அதற்காகவே இவரை மறுபடி கூப்பிட்டவர்கள் உண்டு.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சாப்பிடும்போது பையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தோம். கை கழுவிவிட்டு வந்தபோது பை இருந்தது, கைக்குழந்தை லென்ஸைக் காணோம். அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார். வேலை முடிந்து வீட்டுக் கதவைச் சாத்தும்வரை சாமான் உடம்பை விட்டுப் பிரியக் கூடாது. சாப்பிடும்போதும் பை முதுகில்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் மட்டும்தான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பையும் சேர்த்து விழுங்குவேன்.

முதலில் இடுப்பு வலி என்றார். பிறகு வாயு என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வேலை முடிந்து வந்ததும் தரையில் மல்லாந்து படுத்துக் காலை நாற்காலியில் போட்டுக்கொண்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். மகள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கிறாள். நானும் அப்பா மாதிரி போட்டோகிராபர்தான், என்ன, என்கிட்ட வர்றவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க என்பாள்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கீழ் முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இனி முதுகில் எடை ஏற்றவே கூடாது, ஏற்றினால் அந்தக் காலை மறந்துவிடுங்கள் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து, அங்கிருந்து நேராக வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் கையோடு கொண்டுவந்திருந்த பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு. டாக்டர் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு மானம் போயிற்று.

அன்று ஆரம்பித்த சண்டை இரண்டு மாதம் ஓடியது. சக்கரம் வைத்த பெட்டி வாங்க வேண்டும் என்பது என் கட்சி. வயதில் சின்னவர்கள்கூட அதைத்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்கள், உள்ளே பஞ்சு வைத்து லென்ஸுக்கு லென்ஸ் அறை கட்டியிருக்கிறது, முதுகுக்கு ஒரு கிலோ பாரம் கிடையாது. அவருக்கு ஒன்று சொன்னால் ஒன்பது தடை. ரோட்டில் இழுத்தால் தடதடவென்று ஆடி லென்ஸ் கெட்டுவிடும். புல் தரையில் ஓடாது. மழைத் தண்ணீர் உள்ளே போகும். படி வந்தால் கையில்தான் தூக்க வேண்டும், அப்போது முதுகு பிடிக்காதா? கூட்டத்தில் யார் காலிலாவது ஏறும். மகள் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் பைக்கும் இன்னொரு பக்கம் பெட்டிக்கும் எழுதினாள். தாள் நிரம்பியது. குளியலறை எடை மெஷினில் பையோடு ஒரு தடவையும் பை இல்லாமல் ஒரு தடவையும் அவரை நிறுத்திக் கழித்துப் பார்த்தோம். பதினாலு கிலோ. தானே கண்ணால் பார்த்தும், மெஷின் சரியில்லை என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் என்ன பேசுவது?

இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறேன். சக்கரத்தின் சத்தம்வரை எழுதியிருக்கிறோம். பையின் காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் எழுதவில்லை, அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தச் செருப்பு. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அவர் முன்னால் ஏற, நான் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். நடுப்படியில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. யாரோ விட்டுவிட்டுப் போனது என்று காலால் தள்ளப் போனேன். அது அவருடையது. நிமிர்ந்து பார்த்தால் அவர் இடது பாதம் வெறுமையாக, நாலு படிக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"செருப்பு எங்கங்க?" என்றேன்.

"கால்ல" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். விரலை அசைக்கப் பார்த்தார். கட்டைவிரல் அசையவில்லை. வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு நான் கத்தவில்லை, அதனால்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். "இனிமே அந்தப் பை வந்தா நான் வரமாட்டேன். நீங்க வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க."

அவர் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அதன் மேல் கை வைத்தபடி, சரி, வாங்கிடலாம் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். பொய் சொல்வானேன், அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

கடைக்காரர் பேசத் தெரிந்தவர். முதுகிலும் மாட்டலாம், சக்கரத்திலும் இழுக்கலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். தூக்கிப் பார்த்தால், உள்ளே ஒன்றும் வைக்காமலே கனத்தது. இரண்டுங்கெட்டான், வேண்டாம் என்றேன். பிறகு கெட்டியான கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கைப்பிடி மேலே நீள்கிறது, சக்கரம் ரப்பர், பூட்டு இருக்கிறது. தரையில் தள்ளிவிட்டார், அது கடையின் அந்தக் கோடி வரை சொன்ன பேச்சைக் கேட்டுப் போனது. என் வீட்டில் யாரும் அப்படிப் போனதில்லை.

இவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், விட்டார். படம் எடுக்கும்போது ரெண்டு கையும் கேமராவுல இருக்கும், இதை யார் இழுப்பா என்று கேட்டார்.

"நான் இழுக்கிறேன்" என்றேன். "உங்களுக்கு என்ன வந்தது?"

கடைக்காரர் சிரித்தார். இவர் என் வலது கையைப் பார்த்தார். அப்போது அதை நான் கவனிக்கவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஒருவேளை பார்க்கவே இல்லையோ, நானாக இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ, அதுவும் தெரியாது.

பெட்டியோடு போன முதல் கல்யாணம் சின்னது. பதிவு அலுவலகத்தில் ஒரே அறை, பத்துப் பேர், எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி உறுதிமொழி வாசிக்கும்போது நான் பெட்டியை ஒரு அடி நகர்த்தினேன். வழவழப்பான தரையில் சக்கரம் கிறீச்சிட்டு, அதிகாரி வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இவர் காது சிவந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. நடந்து வருகிற படம் எதுவும் அன்றைக்கு இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், முதுகு வெறிச்சுனு இருக்கு என்றார்.

பதினாலு கிலோ இறங்கினால் வெறிச்சென்றுதான் இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும் என்றேன். மறுநாளும் அதையே சொன்னார். இந்த மனுஷருக்கு வலித்தாலும் குறை, வலிக்காவிட்டாலும் குறை என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. மூன்று வாரத்தில் கட்டைவிரல் அசைந்தது. செருப்பு காலில் நின்றது. தரையில் படுப்பதை விட்டுவிட்டார். நான் சொன்னேனா இல்லையா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், அண்ணனிடம் போனில் சொன்னேன், மளிகைக் கடையில்கூடச் சொன்னேன்.

நாலாவது வாரம் பெரிய கல்யாணம். காலை வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் ஒன்பது படி, அகலமான கல் படிகள், கீழே கார் நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் கதவிலிருந்து கார் வரை நடந்து வருகிற படம் வேண்டும் என்று பெண்ணின் அப்பா முந்தின நாளே இரண்டு தடவை சொல்லியிருந்தார். இந்த மாதிரிப் படம் நாங்கள் நூறு தடவைக்கு மேல் எடுத்திருப்போம். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேமராவைக் கண்ணில் வைத்தார். நான் இடது கையில் கம்பைத் தூக்கினேன். வலது கையில் பெட்டியின் கைப்பிடி இருந்தது.

கதவு திறந்தது. வாத்தியம் காது கிழிய முழங்கியது. அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள், இவர் பின்னால் நடக்க ஆரம்பித்தார். நானும் பெட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். நாலு அடி போனதும் பெட்டி நகர மாட்டேன் என்றது. அலங்காரத்திலிருந்து அறுந்து விழுந்த ரிப்பன் ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தேன். பெட்டி சாய்ந்தது. உள்ளே இன்னொரு கேமராவும் பெரிய லென்ஸும் இருக்கின்றன, விழுந்தால் போச்சு. குனிந்து பெட்டியைப் பிடித்து நிமிர்த்தி, ரிப்பனைப் பிய்த்தேன். பத்து நொடி ஆகியிருக்குமா? ஆகியிருக்காது.

நில்லுங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று மகள் பிறகு கேட்டாள். கேட்டதும் அவளுக்கே பாவமாகிவிட்டது. அவளுக்கு எப்படிச் சொல்வேன்? பதினெட்டு வருடத்தில் நான் அவரை வாயால் நிறுத்தியதே இல்லை. கைதான் நிறுத்தும். அந்தக் கை ரிப்பனைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார், பின்னால் என் கை இருக்கிறது என்று.

சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். அவர் கீழே, கடைசிப் படியில் முதுகும் தரையில் தலையுமாகக் கிடந்தார். இரண்டு கையும் கேமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தன. போட்டோகிராபர் விழுந்தால் கையை ஊன்ற மாட்டான், கேமராவைத்தான் காப்பாற்றுவான். கேமராவில் ஒரு கீறல் இல்லை. வாத்தியக்காரர்கள் கடைசியாகத்தான் நிறுத்தினார்கள்.

நான் ஒன்பது படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் கண் திறந்திருந்தது. கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். நேராகத்தான் இருக்கிறது என்றேன். கட்டைவிரலை அசைக்கிறேன், அசைகிறதா பார் என்றார். செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன. நான் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அசைகிறது என்று சொன்னேன். இரண்டு காலிலும் ஒன்றுமே அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை மகள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். வழக்கமாக விரல் வைத்து எனக்குக் காட்டுவாள். அன்று உறையில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே திரும்ப வராது என்று அதே எலும்பு டாக்டர் சொன்னார். இந்தத் தடவை அவர் யாரையும் திட்டவில்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். அவரோடு பல வருடம் பழகிய இன்னொரு போட்டோகிராபர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "ஆமை, முதுகுல அந்தப் பை இருந்திருந்தா அதுதான் முதல்ல தரையில பட்டிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான். அவர் போன பிறகு நான் வராந்தாவுக்குப் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நீதானே பெட்டி பெட்டி என்று உயிரை எடுத்தாய் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன், டாக்டர் சொன்னதைச் சொல்லியிருப்பேன், செருப்பைச் சொல்லியிருப்பேன். என் பக்கத்தில் நியாயம் இல்லாமலா? அவர் திட்டவில்லை. நாலாம் நாள், நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவிட்டுப் போன பிறகு, கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ பிடிச்சிருக்கேன்னு நினைச்சேன்."

குற்றமாகச் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்கு இவ்வளவு நீளமான வாய் இருந்து என்ன பிரயோஜனம்? போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

கல்யாண வீட்டார் படங்களைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கேட்கத்தானே வேண்டும், அவர்கள் வீட்டுக் கல்யாணம். மகள் கேமராவிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவு திறக்கிற படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. இருவர் முகத்திலும் வெயில். பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்ததில் நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். அதற்கு அடுத்ததில் சிரிப்பு இல்லை. கண் கேமராவைத் தாண்டிக் கீழே பார்க்கிறது, வாய் திறந்திருக்கிறது, ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது. பிடிக்க வருகிற கை. பத்தடி தூரத்தில், அத்தனை நகையும் உடையுமாக, தன் கல்யாணத்தன்று, அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு படம், வெறும் வானம். மகள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கொடுத்தனுப்பினாள்.

கறுப்புப் பெட்டி இப்போது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதை விற்றுவிடலாம் என்று மகள் சொன்னபோது, அதையும் வச்சுக்கலாம், நானும் இனிமே சக்கரத்துலதானே போகணும், ஜோடியா இருக்கும் என்றார் அவர். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஜோக் அதுதான். மூன்றாவது மாடி வீட்டையும் விட்டுவிட்டோம். தரைத்தளத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரே ஒரு படி, அதையும் வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிச் சரிவாகப் பூசியாயிற்று.

பயிற்சி கொடுக்கிற பெண் வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதுதான் முதல் பாடம். முதல் நாள் அவள் பட்டையான பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து அவர் இடுப்பில் சுற்றி இறுக்கினாள். பெல்ட்டின் பின்பக்கம், தடிப்பான துணியில் ஒரு காது தைத்திருந்தது. எப்பவும் இதைத்தான் பிடிக்கணும்மா, சட்டையைப் பிடிக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, அவர் நாற்காலியில் உட்காருகிறவரை விடவே கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். என் வலது கை அவள் சொல்லி முடிப்பதற்குள் அங்கே போய்விட்டது. அட, உங்களுக்கு முன்னாடியே பழக்கமா என்று கேட்டாள்.

எண்ணச் சொன்னாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றில் அவர் கையை ஊன்றி எழும்ப வேண்டும். எழும்பவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சிருக்கியா?" என்றார்.

"பிடிச்சிருக்கேன்."

அதற்குப் பிறகுதான் எழுந்தார். எட்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் ஒரு தடவை, குளிக்கப் போகும்போது, வெயில் பக்கம் நகரும்போது, படுக்கப் போகும்போது என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அவரை மாற்றி உட்கார வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். நான் சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்கிறார். பதினெட்டு வருடம் ஒரு தடவைகூடக் கேட்காத மனுஷர்.